12 வோல்ட் சாது

கார் வைத்திருப்பவர்களை இரண்டு ரகமாகப் பிரித்துவிடலாம். தினம் ஓட்டுகிறவர்கள், தினம் துடைக்கிறவர்கள். ஆபீசுக்கு மெட்ரோ ரயில், மிச்ச தூரத்துக்கு ஷேர் ஆட்டோ, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை என்று ஆகிவிட்ட பிறகு இரண்டாவது ரகம் பெருகிக்கொண்டே போகிறது. கார் பாவம், ஃப்ளாட்டுக்குக் கீழே கவர் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் விசேஷம். மனைவி பட்டுப்புடவையில், குழந்தை ஷூவெல்லாம் மாட்டிக்கொண்டு தயார். சாவியைத் திருப்புகிறீர்கள். டிக்... டிக்... டிக்... டாஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து, மங்கி, அணைகிறது.

"எங்க வீட்டுக்குப் போகணும்னா மட்டும் இது ஸ்டார்ட் ஆகாது."

இந்த வசனத்துக்கு எந்தக் கணவனிடமும் பதில் கிடையாது. ஆனால் கார் பக்கத்தில் ஒரு நியாயமான காரணம் இருக்கிறது.

நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு செலவாகச் சொன்னால்தான் எனக்குப் புரியும். நின்றுகொண்டிருக்கும் கார் சும்மா நிற்பதில்லை. திருட்டு அலாரம், கடிகாரம், ரிமோட் சாவிக்காகக் காது தீட்டிக்கொண்டிருக்கும் லாக், இன்ஜினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் எல்லாமாகச் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 30-லிருந்து 50 மில்லி ஆம்பியர் வரை போவது சகஜம். 40 என்று வையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பெருக்கினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு ஆம்பியர் அவர். சின்ன பெட்ரோல் கார் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 35 ஆம்பியர் அவர்தான். பதினேழு, பதினெட்டு நாளில் பாதி காலி. டெபாசிட்டே போடாத கணக்கில் மாதாமாதம் ஈ.எம்.ஐ. மட்டும் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகுமோ அதேதான். 2020-ல் மார்ச் 25-ம் தேதி ஊரடங்கு ஆரம்பித்து வாரக்கணக்கில் வண்டிகளை எடுக்காமல் இருந்தோமே, அப்போது பல வீடுகளில் செத்துப்போனது இப்படித்தான்.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. காலியான பேட்டரியை அப்படியே போட்டுவைத்தால் உள்ளே ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிந்து நாளாவட்டத்தில் கெட்டியாகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அந்தப் பகுதி திரும்ப வராது. பேங்க் பாஷையில் வாராக்கடன். ஆகவே 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று விடக்கூடாது.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமே என்பீர்கள். கியர் உள்ள பழைய வண்டியில் நான்கு வாலிபர்கள் கிடைத்தால் நடக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியை அண்ணா சாலை முழுக்கத் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. சரி, எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிட்டது, பத்து நிமிஷம் அங்கேயே இன்ஜினை ஓடவிட்டால் சார்ஜ் ஏறிவிடாதா? ஏறாது. இன்ஜின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது அதிலுள்ள ஆல்டர்னேட்டர் கொடுப்பது கொஞ்சம். அதிலும் ஏசியும் விளக்கும் பங்கு கேட்கும்.

அதனால்தான் நண்பர்கள் பலர் ஜி.பி. ரோட்டுக்குப் போய் ஒரு சார்ஜர் வாங்கி வந்துவிடுகிறார்கள். நல்ல யோசனை. ஒரு தடவை மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவர் "இதோ வந்துக்கிட்டே இருக்கேன் சார்" என்று சொல்லும் நான்கு மணி நேரத்தை அனுபவித்தவர்கள் யாரும் அதைத் தப்பு சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தச் சார்ஜரை வீட்டில் எங்கே வைக்கிறோம், எந்த க்ளிப்பை முதலில் மாட்டுகிறோம் என்பதில் நம் ஆட்கள் காட்டும் துணிச்சல் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

துணிச்சலுக்குக் காரணம் அந்த 12 வோல்ட். வீட்டு ப்ளக்கில் இருப்பது 230 வோல்ட், தொட்டால் தூக்கி எறியும். அதற்கு நாம் மரியாதை கொடுக்கிறோம். கார் பேட்டரியின் இரண்டு முனையையும் காய்ந்த கையால் தொட்டால் ஒன்றுமே தெரியாது. பரம சாது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று சும்மாவா சொன்னார்கள்? இந்தச் சாது இரண்டு விதமாக மிரளும்.

ஒன்று, ஆம்பியர். பிளஸ் முனையிலிருந்து காரின் பாடிக்கு ஒரு ஸ்பேனர் பாலம் போட்டுவிட்டால் ஒரு கணத்தில் பல நூறு ஆம்பியர் பாயும். ஸ்பேனர் உருகி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாலம் ஸ்பேனராக இல்லாமல் உங்கள் கல்யாண மோதிரமாக இருந்தால், அது பழுக்கக் காய்ந்து விரலிலிருந்து கழற்ற முடியாத நிலையில் இருக்கும். பானெட்டைத் திறக்கும் முன்னால் மோதிரம், ஸ்டீல் ஸ்ட்ராப் வாட்ச், கைச்சங்கிலி மூன்றையும் கழற்றிப் பையில் போடுங்கள். சட்டைப் பைக்குள் வேண்டாம், குனிந்தால் விழும். பேன்ட் பை.

இரண்டாவது, வாயு. இதுதான் யாருக்கும் கண்ணில் படாத விஷயம்.

பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளாண்டே 1859-ல் இந்த ஈய பேட்டரியைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு எவ்வளவோ மாறியிருக்கிறது, அடிப்படை மாறவில்லை. ஈயத் தகடு, நடுவில் தண்ணீர் கலந்த கந்தக அமிலம். ஆறு அறைகள், அறைக்கு இரண்டு வோல்ட் சொச்சம். சார்ஜ் ஏற்றும்போது ஒரு கட்டம் வரை கரண்ட் ஒழுங்காக உள்ளே போய்ச் சேமிப்பாகிறது. சுமார் 14.4 வோல்ட்டைத் தொட்டதும் நிலைமை மாறுகிறது. பாத்திரம் நிரம்பிவிட்டது, நீங்கள் ஊற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். உபரி கரண்ட் உள்ளே இருக்கும் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் ஆக்குகிறது. நல்ல வெயில் காலத்தில் இந்தக் கொதிப்பு இன்னும் குறைந்த வோல்ட்டிலேயே ஆரம்பித்துவிடும். நம் ஊரில் நல்ல வெயில் காலம் எது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எவ்வளவு வாயு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிரம்பிய பேட்டரிக்குள் நான்கு ஆம்பியர் போய்க்கொண்டே இருந்தால் ஆறு அறையிலுமாகச் சேர்ந்து மணிக்கு ஏறக்குறைய பத்து லிட்டர் ஹைட்ரஜன். ஒரு பக்கெட். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் இருந்தாலே பற்றிக்கொள்ளும். 75 பங்கு வரை பற்றிக்கொள்ளும். சமையல் காஸுக்குக்கூட இவ்வளவு அகலமான எல்லை கிடையாது. அதற்கு நெருப்பும் தேவையில்லை. நைலான் சட்டையைக் கழற்றும்போது 'சட்சட்' என்று வருமே, அந்தப் பொறி போதும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. சமையல் காஸாவது நாற்றமடித்து எச்சரிக்கும்.

'எங்க ரூம் பெரிசு சார், பத்து லிட்டர் என்ன பண்ணும்?' என்று கேட்பவர்களுக்கு: ரூம் நிரம்பவேண்டிய அவசியமே இல்லை. பேட்டரியின் உள்ளே, ஆசிட்டுக்கும் மூடிக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது பாருங்கள், அதில் வாயு தேங்கி நிற்கிறது. மூடித் துளைக்குப் பக்கத்தில் பொறி பறந்தால் தீ அந்தத் துளை வழியாக உள்ளே போகும். பிளாஸ்டிக் பெட்டி வெடித்துத் துண்டுகளும் ஆசிட்டும் மேலே கிளம்பும். மேலே யார்? குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் நீங்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது கும்பகோணத்தில் எங்கள் தெரு முனையில் பேட்டரி சார்ஜ் போடும் கடை ஒன்று இருந்தது. மைக் செட்காரர்கள், டிராக்டர்காரர்கள் எல்லாம் பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவருவார்கள். பெஞ்சில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பேட்டரிகள், மேலே குண்டு பல்பு, தொண்டையைக் கமறும் ஒரு வாடை. கடைக்கார அண்ணனின் வேட்டியெல்லாம் சல்லடை மாதிரி ஓட்டை. ஆசிட் பட்ட பருத்தி துவைத்ததும் உதிர்ந்துவிடும். அவருக்கு வலது கண் பார்வை கிடையாது. யார் பேசினாலும் முகத்தைப் பாதி திருப்பி இடது கண்ணால்தான் பார்ப்பார். ஒரு நாள் தைரியம் வந்து கேட்டுவிட்டேன்.

"கண்ணு என்னண்ணே ஆச்சு?"

"தீக்குச்சி தம்பி" என்றார்.

கரண்ட் போன ஒரு சாயங்காலம். சார்ஜில் கிடந்து அப்போதுதான் கொதித்து அடங்கிய பேட்டரி. உள்ளே தண்ணீர் மட்டம் தெரிகிறதா என்று பார்க்க மூடியைத் திறந்து, குச்சியை உரசிக் கிட்டே கொண்டுபோயிருக்கிறார். அடுத்தது அவருக்கு ஞாபகம் இல்லை. எதிர் டீக்கடைக்காரர் ஓடிவந்து, குடத்துத் தண்ணீரை எடுத்து முகத்தில் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். குடம் தீர்ந்ததும் அடிபம்பு. இடது கண் தப்பியது அதனால்தான் என்று டாக்டர் சொன்னாராம். அண்ணன் அதைச் சொல்லிவிட்டு, "அந்த ஆளுக்கு மட்டும் இன்னிக்கு வரைக்கும் டார்ச் பேட்டரிக்குக்கூட நான் காசு வாங்குறதில்ல" என்று சிரித்தார்.

நாம் இப்போது தீக்குச்சி உரசப் போவதில்லை, செல்போனில் டார்ச் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் குச்சி வேறு ரூபங்களில் இருக்கிறது. பூஜை அறை விளக்கு. ஊதுபத்தி. சமையலறை அடுப்பு. கொசுவத்திச் சுருள். பால்கனியில் நின்று சிகரெட் பிடிக்கும் மைத்துனர். ஒவ்வொரு தடவை கம்ப்ரஸர் ஓடும்போதும் உள்ளே பொறி தட்டும் பழைய ஃப்ரிட்ஜ். சாதாரண ஃபேன் சுவிட்ச் கூடப் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே சின்னதாக மின்னும், இருட்டில் உற்றுப் பார்த்தால் தெரியும்.

எனவே பேட்டரிக்கு சார்ஜ் போட மிக மோசமான இடங்கள், நம் ஆட்கள் வழக்கமாகப் போடும் இடங்கள்: படுக்கையறை மூலை, மாடிப்படிக்கு அடியில் ஈ.பி. மீட்டர் போர்டுக்குக் கீழே, கதவு சாத்திய ஷட்டர் கராஜ், பெட்ரோல் ஸ்கூட்டர்களுக்கு நடுவில். நல்ல இடம், மூன்று பக்கம் காற்று வரும் கார் பார்க்கிங். அல்லது மழைச்சாரல் அடிக்காத திறந்த பால்கனி. ஹைட்ரஜன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசு, மேலே போகும். மேலே திறப்பு இருந்தால் தானாகப் போய்விடும். சீலிங் இருந்தால் அங்கே தேங்கும்.

பேட்டரியைச் சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும், பலகை போடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மரப்பெட்டியில் பேட்டரி வந்த காலத்தில் அதில் அர்த்தம் இருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒன்றும் செய்யாது. இருந்தாலும் பலகை போடுங்கள். பெரியவர்களுக்கும் திருப்தி, ஆசிட் சிந்தினால் வீட்டு ஓனரின் டைல்ஸுக்கும் நல்லது.

இனி க்ளிப் விவகாரம். சார்ஜரில் முதலை வாய் மாதிரி இரண்டு க்ளிப்புகள், சிவப்பும் கறுப்பும். பேட்டரி காரிலேயே இருக்கிறது, இன்ஜின் சாவி வெளியே, விளக்கு, ஏசி எல்லாம் ஆஃப். சார்ஜர் ப்ளக்கைச் சுவரில் செருகவே கூடாது, முதலில் க்ளிப்புகள். சிவப்பைப் பேட்டரியின் பிளஸ் முனையில் நன்றாகக் கவ்வ விடுங்கள், லேசாக ஆட்டிப் பார்த்தால் நகரக்கூடாது. கறுப்பை மைனஸ் முனையில் மாட்டவேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். பேட்டரியிலிருந்து கை நீளம் தள்ளி, இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு இரும்புப் பகுதியிலோ பாடியின் எர்த் போல்ட்டிலோ மாட்டுங்கள். பெட்ரோல் குழாய்ப் பக்கம் போகாதீர்கள். நம் கார்களில் மைனஸ் முனை பாடியோடு இணைந்துதான் இருக்கிறது, ஆகவே கரண்டுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பொறி பறப்பது கடைசியாக மாட்டும் க்ளிப்பில். அந்தக் கடைசிப் பொறி வாயு இருக்கும் இடத்தில் பறக்காமல் எட்டிப்போய்ப் பறக்கட்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் தானாக அணையும் ரக வண்டிகளில் மைனஸ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். கறுப்பைப் பாடியில் மாட்டினால்தான் அதன் கணக்கும் சரியாக வரும்.

இரண்டு க்ளிப்பும் உட்கார்ந்த பிறகு ப்ளக், பிறகு சுவிட்ச். முடித்ததும் அப்படியே தலைகீழ்: சுவிட்ச் ஆஃப், ப்ளக் வெளியே, கறுப்பு, கடைசியில் சிவப்பு. நிறைய பேர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். இரவு முழுக்கக் கொதித்து, சுற்றிலும் வாயு இருக்கும் சரியான நேரம் பார்த்து, கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே க்ளிப்பைப் பிடுங்குவார்கள். 'பட்'டென்று ஒரு நீலப் பொறி. பத்து தடவை ஒன்றும் ஆகாது. அதனால்தான் பதினோராவது தடவையும் பிடுங்குகிறார்கள்.

பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் (மூன்றாவது மாடியிலிருந்து நைலான் கயிறு மாதிரி ஒயரைத் தொங்கவிடுவதைவிட இது மேல்) 10-ம் நம்பர் ஸ்பேனர் பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். முதலில் மைனஸைக் கழற்றுங்கள். மைனஸ் போய்விட்டால், பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் நழுவிப் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. திரும்ப மாட்டும்போது பிளஸ் முதலில். கழற்றும் முன் கார் கையேட்டை ஒரு புரட்டுப் புரட்டுங்கள், சில வண்டிகளில் ஸ்டீரியோ கோடு கேட்கும். பத்து கிலோ அளவில் கனக்கும், சாய்க்காமல் நிமிர்த்தித் தூக்கவேண்டும். நல்ல சட்டை வேண்டாம். தனியாக வைத்து சார்ஜ் போடும்போது கறுப்பை மைனஸ் முனையிலேயே மாட்டவேண்டி வரும், வேறு வழியில்லை. அதனால் மாட்டும்போதும் கழற்றும்போதும் ப்ளக் சுவரில் இல்லை என்பதை இரண்டு தடவை பாருங்கள்.

சார்ஜரையே பேட்டரி மேல் தூக்கி வைக்கும் வழக்கமும் இருக்கிறது. பார்க்க அழகாக, கச்சிதமாகத்தான் இருக்கும். கிளம்பும் வாயு முழுக்கச் சார்ஜர் வழியாகத்தான் போகும். ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம்? கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கடைக்காரர்களின் வாய்ப்பாடு, இன்றைக்கும் மோசமில்லை. 35-க்கு மூன்றரை ஆம்பியர். பத்து மணி நேரத்தில் முடியவேண்டும், சேதாரம் சேர்த்துப் பன்னிரண்டு. தங்க நகைக்கே சேதாரம் கொடுக்கிறோம். அவசரத்துக்கு இருபது ஆம்பியர் போட்டு ஒரு மணி நேரத்தில் முடிப்பேன் என்றால் தகடு வளையும், சூடேறும், வாயு குபுகுபுவென்று கிளம்பும். பேட்டரி பக்கவாட்டில் கை வைக்கமுடியாத அளவு சூடானால் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும் அணைத்துவிடுங்கள். உள்ளே ஏதோ கெட்டுவிட்டது, அந்த வாயு விஷம் வேறு. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்துவிடவேண்டும்.

கடையில் இரண்டு விதமாக விற்கிறார்கள். தடியான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய மாடல், விலை குறைவு, ஆயுசு கெட்டி, புத்தி கிடையாது. நிரம்பினாலும் ஊற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் அலாரம் வைத்துக்கொண்டு எழுந்து அணைக்கவேண்டும். இன்னொன்று தானாகவே வோல்ட்டைப் பார்த்துப் பார்த்துக் குறைத்து, நிரம்பியதும் ஒதுங்கிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக். பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினாலும் வேலை செய்ய மறுத்துவிடும். மாதத்துக்கு ஒரு தடவை வீட்டில் உபயோகிக்கிற ஆளுக்கு நான் சிபாரிசு செய்வது இரண்டாவதைத்தான். கூடக் கொடுக்கும் காசு உங்கள் தூக்கத்துக்கு. ஆனால் அதை வாங்கிவிட்டதாலேயே பூஜை அறையில் வைத்து சார்ஜ் போடலாம் என்று அர்த்தமில்லை. அதிலும் வாயு வரும், குறைவாக வரும்.

பேட்டரி லேபிளையும் படித்துவிடுங்கள். ஏ.ஜி.எம். என்று போட்டிருந்தால் சார்ஜரில் அதற்கென்று தனி நிலை இருக்கவேண்டும். மின்சாரக் கார்களிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு, நிறைய சொந்தக்காரர்களுக்கே தெரியாது. சில கம்பெனிகள் அதையும் லித்தியமாக வைக்கின்றன. கையேட்டில் சொல்லாமல் அதில் கை வைக்கவேண்டாம்.

மூடி உள்ள பழைய ரகத்தில் தண்ணீர் பார்க்கவேண்டும். மட்டம் குறைந்தால் உள்ளே காலி இடம் அதிகம், காலி இடம் அதிகமானால் தேங்கும் வாயுவும் அதிகம். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும்வரை மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவிட்டு சார்ஜ் போடுங்கள். மேல் கோடு வரை நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகு. முதலிலேயே நிரப்பினால் பொங்கி வழியும். குழாய்த் தண்ணீர் கூடாது, கேன் தண்ணீரும் கூடாது. ஆசிட் வாங்கி ஊற்றுவதும் வேண்டாம், ஆவியாகிப் போவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. மூடியைத் திறந்துவைத்து சார்ஜ் போடுவதா, மூடியா என்பது பேட்டரிக்குப் பேட்டரி மாறும், கம்பெனிக்காரர் எழுதியிருப்பார். எப்படியானாலும் மூச்சுத் துளை அடைபடக்கூடாது.

230 வோல்ட் பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். மூன்று பின் ப்ளக், எர்த் உள்ள சாக்கெட், இன்சுலேஷன் உரியாத ஒயர். முப்பது மில்லி ஆம்பியரில் விழும் டிரிப்பர் வீட்டில் இருந்தால் நிம்மதி. கீழ்த்தளத்துக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்தால் இணைப்பு தரையில், அதுவும் ஈரத் தரையில் கிடக்கக்கூடாது. மழைக்காலத்தில் பார்க்கிங்கில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் அன்றைக்கு சார்ஜே கிடையாது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை கேட்டதும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வண்டிகளைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்களே, அந்த முன்ஜாக்கிரதை ப்ளக்குக்கும் பொருந்தும்.

அசோசியேஷன் செக்ரட்டரி வந்து "காமன் மீட்டர்ல இழுக்கறீங்களே சார்" என்று கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: 35 ஆம்பியர் அவரை 14-ஆல் பெருக்கினால் 490 வாட் அவர், சேதாரமெல்லாம் போக ஒரு யூனிட் அளவுதான் வரும். அப்படியும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ஒரு யூனிட் காசை அங்கேயே கொடுத்து ரசீது கேளுங்கள். அடுத்த தடவை வரமாட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசிட் தெறிக்கலாம். அதற்குத்தான் கண்ணாடி. பவர் கண்ணாடி இருந்தாலும் பக்கவாட்டு மூடிய பாதுகாப்புக் கண்ணாடி தனி, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். ரப்பர் கையுறை ஒரு ஜோடி. பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரும் குவளையும், வேலை ஆரம்பிக்கும் முன்பே. கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல், இமையை விரித்துப் பிடித்து, பதினைந்து இருபது நிமிஷம் விடாமல் தண்ணீர். ஒரு நிமிஷம் கழுவிவிட்டு 'சரியாப் போச்சு' என்று நிறுத்தக்கூடாது. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம்தான் ஆட்டோ. சென்னைக்காரர்களுக்கு எழும்பூரில் 1819-ல் தொடங்கிய அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் முதல் சிகிச்சை உங்கள் வீட்டுக் குழாயில்தான். தரையில் சிந்திய ஆசிட்டுக்கும், முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பச்சை உப்புக்கும் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். கண்ணுக்கு சோடா கூடாது, வெறும் தண்ணீர்தான்.

பெட்டி வீங்கியிருந்தாலோ, கீறல் விட்டுக் கசிந்தாலோ அந்தப் பேட்டரிக்கு சார்ஜே போடக்கூடாது. நல்ல பேட்டரி என்றால் சார்ஜ் முடிந்து நான்கைந்து மணி நேரம் சும்மா விட்டுவிட்டு, மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். கழற்றிய உடனே பார்த்தால் பொய்க் கணக்குக் காட்டும். 12.6-க்கு மேல் இருந்தால் மாமனார் வீட்டுக்குப் போகலாம். 12.2 என்றால் பாதிதான் ஏறியிருக்கிறது, மறுபடி போடுங்கள். மறுபடி போட்டும் அடுத்த நாள் காலையில் 12-க்கு இறங்கி நின்றால் ஆள் அவ்வளவுதான். புதுசு வாங்கப் போகும்போது பழசையும் எடுத்துப் போங்கள். உள்ளே இருக்கும் ஈயத்துக்காகக் கடைக்காரர் விலையில் கழித்துக்கொள்வார், 2022-ம் வருஷத்து பேட்டரி கழிவு விதிகளின்படி அது குப்பைத்தொட்டிக்குப் போகக்கூடாத பொருளும்கூட. முதலில் அவர் சொல்லும் தொகையை ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். கொஞ்சம் கறாராகப் பேசினால் நிச்சயம் ஏற்றுவார்.